தலைமாட்டு வெளிச்சம்

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷமாக. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவர்கள் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

மூன்றாவது மாடியில் ஒரே ஒரு பெரிய அறை, ஓரத்தில் சமையலறை, குளியலறை. அந்தப் பெரிய அறையை நடுவில் பிளைவுட் பலகையால் தடுத்து, உள்பக்கத்துக்குப் படுக்கையறை என்றும் வெளிப்பக்கத்துக்குக் கூடம் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். பலகை கூரை வரைக்கும் போகவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. வெளிச்சம், கொசு, இருமல், பேச்சு எல்லாம் அந்த வழியாகத் தாராளமாகப் போய் வரும். கூடத்தில் பலகையை ஒட்டி மாமனாரின் கட்டில். அவர் வந்த புதிதில் இவர்கள் கிசுகிசுத்துப் பார்த்தார்கள். சத்தமாகப் பேசினால் சட்டை செய்யாத காது கிசுகிசுத்தால் விழித்துக்கொள்ளும், அது காதின் குணம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு வரும். நான் தூங்கவில்லை, பார்த்துப் பேசுங்கள் என்று அதற்குப் பொருள். ஒருநாள் அவள் வெறுத்துப்போய் போனை எடுத்து, ஒரு சாண் தள்ளிக் கிடந்த கணவனுக்கு, "உங்கப்பா தூங்கிட்டாரா?" என்று அனுப்பினாள். "இல்ல" என்று பதில் வந்தது. அப்படி ஆரம்பித்ததுதான்.

அவனுக்கு நகரப் பேருந்து ஓட்டுகிற வேலை. விடிகாலை நாலரைக்கு டெப்போவில் நிற்க வேண்டும், மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு. அவளுக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் மடிப்புப் பிரிவில் வேலை. மத்தியானம் ஒரு மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வீட்டுப் படி. அவன் வரும்போது அவள் இருக்கமாட்டாள், அவள் வரும்போது அவன் பாதித் தூக்கத்தில் இருப்பான். ஆகையால் குடித்தனமே போனுக்குள்தான் நடந்தது. சாயங்காலம் ஐந்து மணி டீ இடைவேளையில், வெந்நீர் ஆவியில் கண்ணாடி மங்கிப்போன ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அன்றைய வயிற்றெரிச்சலையெல்லாம் தட்டி அனுப்புவாள். அவன் கட்டிலில் படுத்தபடி படிப்பான். அவள் வீடு திரும்பியதும் இரண்டு பேரும் படுத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, பதினோரு மணி வரைக்கும் தட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்றரைக்கு அவனுக்கு அலாரம். மீதி எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்க்க யாருக்கும் தெம்பு இல்லை.

கணக்கைக் கடைசியில் பேருந்தே பார்த்தது. ஒரு காலை, நிறுத்தத்துக்கு வந்த வண்டி நிற்காமல் நடைபாதைமேல் ஏறிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு குப்பைத்தொட்டி மட்டும் தட்டையாகிவிட்டது. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தேன், அவ்வளவுதான் என்று அவன் சொன்னான். அந்த ஒரு தடவை எவ்வளவு நீளம் என்று டெப்போ டாக்டருக்குத் தெரியும்.

"படுக்கற ரூமுக்குள்ள போன் வரக் கூடாது," என்றார் டாக்டர். அவளையும் கூட வரச் சொல்லியிருந்தார். "உங்க போனும்தாம்மா. பகல் தூக்கமோ ராத் தூக்கமோ, போன் வெளியில இருக்கணும். இருபத்தோரு நாள். அதுவரைக்கும் கூட ஒரு ஆளை ஏத்தி அனுப்பறேன். அப்புறம் மெஷின்ல உக்கார வச்சு டெஸ்ட் பண்ணுவேன். தேறினா பஸ்ஸு. இல்லேன்னா வண்டி கழுவற பக்கம் போக வேண்டியதுதான்."

அவள் தலையாட்டினாள். உள்ளுக்குள் மட்டும் ஒரு அங்கலாய்ப்பு. அந்தச் சமயம் பார்த்துத்தான் இருவருக்கும் நடுவே முக்கியமான ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு என்றால் அவள் பக்கம்தான். "உங்க அண்ணன் வீட்ல மாடி ரூம் சும்மாதானே கிடக்கு, மாமா கொஞ்ச நாள் அங்க இருக்கட்டுமே, எனக்கு முடியல" என்று அவள் மூன்று மாதமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். "பாக்கலாம்" என்று அவன் மூன்று மாதமாகப் பதில் போட்டுக்கொண்டிருந்தான். மாமனார் கெட்டவர் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் எட்டு மணி நேரம் நின்றபடி ஊரார் படுத்த படுக்கை விரிப்பை மடித்துவிட்டு வருகிறவளுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்ததும் காலை நீட்டி உட்கார ஓர் இடம் வேண்டும். கூடத்தில் எப்போதும் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷமாக அவள் தன் வீட்டில் சத்தமாகக் கொட்டாவிகூட விட்டதில்லை.

அன்று சாயங்காலமே போன் வைக்க இடம் தேடினார்கள். சமையலறை மேடை ஈரம். குளியலறையில் பிளக் கிடையாது. கூடத்தில் மாமனாரின் தலைமாட்டில் சுவரில் ஒரு தட்டு இருந்தது, பக்கத்திலேயே பிளக் பாயிண்ட்.

"இங்கயே வச்சுடலாம்," என்றான் அவன்.

பெரியவர் தன் மூக்குக்கண்ணாடி டப்பாவையும் மாத்திரைகளையும் ஓரமாக நகர்த்தி இடம் விட்டார். சத்தம் வராதபடி இரண்டு போனையும் ஊமையாக்கி வைத்தார்கள்.

"அப்ப அலாரம்?" என்று அவளுக்குச் சந்தேகம்.

"நான் எழுப்பறேன்," என்றார் பெரியவர். "பலகையில ரெண்டு தட்டு தட்டறேன். போதாது?"

போதும் என்று முடிவாயிற்று. மறுநாள் மூன்றரைக்கு டாணென்று பலகையில் இரண்டு தட்டு விழுந்தது. அதற்கு மறுநாளும். கடிகாரம்கூட ஒரு நிமிஷம் முன்பின் போகும், அவர் போகவில்லை. வயசானவர்களுக்குத் தூக்கம் குறைவுதானே என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் அவளுக்குக் கை பரபரத்தது. கட்டிலில் படுத்தால் பக்கத்தில் கணவன் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறான். மேலே கூரை, பக்கத்தில் பலகை. என்ன செய்வது? ஐந்து மணி டீ இடைவேளையில் மட்டும் பழையபடி தட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவன் போன் அந்நேரம் கூடத்துத் தட்டில் கிடக்கும், அவன் உள்ளே தூங்குவான். எப்போதாவது படிப்பான் என்று நினைத்தாள். படிக்காவிட்டாலும் சொல்லி முடித்தால் பாரம் குறைகிறதே, அது போதும். உங்கப்பா பல்செட்டைக் குடிக்கிற டம்ளருக்குப் பக்கத்திலேயே வைக்கிறார், காபியே இறங்கவில்லை என்று ஒருநாள். குளியலறை விளக்கு ராத்திரி முழுக்க எரிகிறது என்று ஒருநாள். விடியற்காலையில் அவர் வாஷ்பேசினில் தொண்டையைக் காறுகிற சத்தத்தில் நெஞ்சு தூக்கிப்போடுகிறது, நான் படுத்தே நாலு மணி நேரம்தான் ஆகிறது என்று இன்னொரு நாள். நடுவில் ஒருநாள் புகாராக இல்லாமல், வெறும் அலுப்பாக, "முழங்கால் விண்விண்ணுன்னு வலிக்குது, கீழேருந்து தண்ணி தூக்கிட்டு மூணு மாடி ஏற முடியல, யாருக்கு சொல்றது" என்று தட்டினாள். கடைசியில் எப்போதும்போல, "அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

இரண்டாவது வாரத்திலிருந்து வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. டம்ளருக்குப் பக்கத்தில் பல்செட் இல்லை. குளியலறை இருட்டாக இருந்தது. காலையில் தொண்டைச் சத்தம் கேட்கவில்லை, அவள் ஏழரை வரைக்கும் முழுசாகத் தூங்கினாள். தரையெல்லாம் விரிந்து கிடக்கிற செய்தித்தாள், மடித்த மேனிக்குக் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனால் குடிதண்ணீர்ப் பானை விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. டெப்போவுக்கு ஓடுகிற அவசரத்திலும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறானே என்று அவளுக்குக் கணவன்மேல் ஒரு பிரியம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படி ஒன்று வந்து நாளாகியிருந்தது.

"போனை வெளியில வச்சதுலேர்ந்து வீடே வேற மாதிரி ஆயிடுச்சுக்கா," என்று லாண்டரியில் இஸ்திரி அக்காவிடம் சொன்னாள். விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற உருளை மெஷினில் அவற்றைக் கொடுத்து வாங்குகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"போனுக்கும் வாஷ்பேசினுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல. எல்லாரும் நல்லா தூங்கறோம்ல. தூங்கினா மனுஷங்க நல்லவங்களா ஆயிடுவாங்க போல."

"அப்ப என் வீட்டுக்காரருக்குத் தூக்க மாத்திரைதான் குடுக்கணும்," என்றாள் இஸ்திரி அக்கா.

இருபத்தோராம் நாள் அவன் டெஸ்டில் தேறினான். விளக்கு எரிந்ததும் பொத்தானை அமுக்குகிற மெஷின். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை என்று டாக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். பெரியவர் கேட்டுவிட்டு, "நல்லது," என்று சொல்லிச் செய்தித்தாளைப் பிரித்தார். கண்ணுக்குக் கீழே அவருக்குக் கருவளையம் இருந்ததை அவள் பார்த்தாள். வயசு என்று நினைத்தாள்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் அவன் வீட்டில் இருந்தான். பெரியவர் கீழே நடக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவள் அவனுக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமாகிட்ட எப்படிச் சொன்னீங்க? அவர் மனசு நோகலையே?"

"எதை?"

"அந்த டம்ளர், லைட்டு, எல்லாம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மெசேஜ்ல எழுதியிருந்தேனே."

அவன் டீயை ஊதினான். "எங்க படிக்கறேன்? காலைல போனை எடுத்தா டெப்போவுல லாக்கர்ல போட்டுடணும். வந்தா இங்க வச்சுட்டுப் படுத்துடறேன். உன்னோடது மட்டும் நூத்துக்கு மேல கிடக்கு. ஒருநாள் உக்காந்து எல்லாத்தையும் படிக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. கோபத்தில் அடுத்த கேள்வி தோன்றவில்லை. இருபத்தைந்து நாளாக நான் எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்லா என்று நினைத்தபடி டம்ளரைக் கழுவினாள். நீங்கள் சொல்லவில்லை என்றால் அவர் எப்படி மாறினார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்தக் கோபம் மறுநாள் காலை ஆறு மணிக்கே அவளை எழுப்பிவிட்டது. கணவன் டெப்போவுக்குப் போய்விட்டிருந்தான். கூடத்தில் பெரியவர் கட்டில் காலி. எழுந்ததே எழுந்தோம், தலையணை உறைகளைத் துவைக்கப் போடலாம் என்று எடுத்தாள். லாண்டரிக்காரி எந்தத் துணியையும் தடவிப் பார்க்காமல் தண்ணீரில் போடமாட்டாள். பெரியவரின் தலையணை உறைக்குள் ஏதோ காகிதம் தட்டுப்பட்டது.

காலண்டர் தாளின் பின்பக்கம். பென்சில் எழுத்து, நூல் பிடித்த மாதிரி வரிகள். பெரியவர் முப்பத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். யாரோ எழுதியதைப் படித்து, ஓரத்தில் குறி போட்டு, தப்பைத் திருத்தச் சொல்லி அனுப்புகிற வேலை. அந்தக் கை இன்னும் மாறவில்லை.

"பல் டம்ளர்: இடம் மாற்றுக," என்று இருந்தது. பக்கத்தில் ஒரு டிக். "குளியலறை விளக்கு: அணைக்க." டிக். "காலைத் தொண்டைக் காறல்: நீக்குக." டிக். "செய்தித்தாள்: சேர்த்து அடுக்குக." டிக்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் வெட்ட வெளிச்சமாகப் புரிந்தது. அவள் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து தட்டுகிற ஒவ்வொரு வரியும் இங்கே இந்தத் தலைமாட்டில் பளிச்சென்று எரிந்திருக்கிறது. அவருக்குக் கண் தெரியாது என்று அவள் மனசில் ஒரு பழைய எண்ணம். தெரியாமல்தான் இருந்தது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும். கண்புரை எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளும் அவள்தான், நாற்பது நாள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவளும் அவள்தான். அந்தக் கண் செய்தித்தாள் படிக்கும் என்று தெரிந்தவளுக்குப் போனையும் படிக்கும் என்று தோன்றவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனாலும் அடுத்த வரிக்குக் கண் போயிற்று.

"மருமகள் முழங்கால்: தண்ணீர்." பக்கத்தில் டிக்.

அதை அவள் இரண்டு தடவை படித்தாள். பானை நிறைந்தது யாரால் என்று இப்போதுதான் தெரிந்தது. யாருக்குச் சொல்வது என்று அவள் எழுதிய வலியைக் கட்டியவன் படிக்கவில்லை. அந்த வீட்டில் அதைப் படித்த ஒரே ஆளுக்கு வயசு எழுபத்து நாலு.

தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது. "பெரியவன் வீடு: ஞாயிறு." அதற்கு மட்டும் டிக் இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு படி, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு படி. பெரியவர் துணிப்பையில் தண்ணீர் பாட்டில்களோடு உள்ளே வந்தார். பென்சில் காதில் செருகியிருந்தது. அவள் கையில் தாளைப் பார்த்ததும் நின்றார். துணிப்பையை மெல்லக் கீழே இறக்கினார்.

"நீ எனக்கு எழுதலைன்னு தெரியும்மா," என்றார். மூச்சு வாங்கியது. "வேணும்னு படிக்கல. வெளிச்சம் வந்தா கண்ணு தானா போயிடுது. எழுத்தைப் பாத்தா படிக்காம இருக்க முடியறதில்ல. பழக்கம்."

"ஏன் மாமா ஒரு வார்த்தை கேக்கல?"

"புரூஃப் பாக்கறவன் எழுதினவங்ககிட்ட போய்ச் சண்டை போடறதில்ல. திருத்திட்டுக் குடுத்துடணும்." பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். "அண்ணன்காரனுக்குப் போன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னான். அவனுக்கும் சந்தோஷம்தான். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

அண்ணன்காரனுக்குச் சந்தோஷமா என்பது இருக்கட்டும். அவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். மூன்று மாதமாக அவள் கேட்டது அலுங்காமல் குலுங்காமல் கைக்கு வந்துவிட்டது. அவள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பெரியவர் தானாகப் போனார், நாங்கள் அனுப்பவில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இந்தக் கூடத்தில் காலை நீட்டி உட்காரலாம், வாய்விட்டுக் கொட்டாவி விடலாம். போக வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். வார்த்தை வரவில்லை. ஆறு வருஷமாகப் பேசவேண்டியதையெல்லாம் கட்டைவிரலால் பேசிப் பழகிய வாய் அது. உறையைத் தண்ணீரில் போட்டாள், சமைத்தாள், குளித்தாள், ஒரு மணி வேலைக்குப் புறப்பட்டுப் போனாள்.

அன்று விரிப்புகள் மடிக்க மடிக்கக் கோணலாகவே வந்தன. "என்னடி, தூக்கம் பத்தலையா?" என்று இஸ்திரி அக்கா கேட்டாள். "தூங்கினதுதான் தப்பாப் போச்சு," என்றாள் அவள். ஐந்து மணிக்கு டீயைத் தொடாமல் போனை எடுத்தாள். கணவனின் எண்ணுக்குத்தான் அனுப்பினாள், ஆனால் யார் படிப்பார் என்று தெரிந்து அனுப்பினாள். "மாமா எங்கயும் போக வேண்டாம். நான் சொன்னது அலுப்புல சொன்னது. ஞாயித்துக்கிழமை வீட்லயே இருங்க." அனுப்பியதும் நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது. இந்நேரம் தலைமாட்டில் வெளிச்சம் விழுந்திருக்கும், படித்திருப்பார் என்று நினைத்து ஆறிப்போன டீயைக் குடித்தாள். அந்த ஒரு நாள் எழுதியதும் உடனே ஒருவர் படிக்கிறார் என்பதே தெம்பாக இருந்தது.

ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் விளக்கு எரிந்தது. பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் பழுப்பு நிறப் பை, ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் தூக்கிக்கொண்டு வந்த அதே பை, ஜிப்பு போட்டுத் தயாராக. அவள் தலைமாட்டுத் தட்டைப் பார்த்தாள். கணவனின் போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் மடித்த செய்தித்தாள், அதற்கும் மேலே நகராமல் இருக்கக் கண்ணாடி டப்பா. இனிமேல் படிக்கமாட்டேன் என்று அதற்கு அர்த்தம். அவளுடைய மெசேஜ் அந்தத் தாளுக்கடியில் யாரும் பார்க்காமல் எரிந்து அணைந்திருந்தது.

"மூடி வச்சிருக்கேன், சாப்பிடும்மா," என்றார்.

அவளுக்குக் கால் வலித்தது. முழங்கால் மட்டும் இல்லை, முழுக் காலும். அப்படியே உள்ளே போய்ப் படுத்துவிடலாம். தன் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"மாமா, ஞாயித்துக்கிழமை நீங்க எங்கயும் போகல."

கிசுகிசுப்பாக இல்லை, முழுக் குரலில் சொன்னாள். தன் குரல் இவ்வளவு பெரியது என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகியது.

"யாரு எங்க போறா?" என்று கணவனின் தூக்கக் குரல்.

"அதைத் தெரிஞ்சுக்கணும்னா நூத்தம்பது மெசேஜ் படிக்கணும். நீங்க தூங்குங்க, காலைல வண்டி எடுக்கணும்."

அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. அவள் கட்டிலுக்கு எதிரே தரையில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"நான் எழுதினது பொய்யில்ல மாமா. முடியலதான். இன்னிக்கும் முடியல. ஆனா அது முழுக்க உங்களால இல்ல. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம கையில இருந்ததுகிட்ட சொல்லிட்டேன்."

"தெரியும்மா."

"உங்ககிட்ட என்ன தப்புன்னு நான் வண்டி வண்டியா எழுதிட்டேன். எங்ககிட்ட என்ன தப்புன்னு நீங்க ஒண்ணாவது சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ஆறு வருஷத்துல ஒண்ணுகூடவா இல்ல?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது."

"மாட்டேன், சொல்லுங்க."

"அந்த ரெண்டு போனையும் வேற எங்கயாவது வைக்க முடியுமா? நீங்க படுத்தப்புறம் தலைமாட்டுல வெளிச்சம் வந்து வந்து போகுது. டெப்போல நாளைக்கு யாரு லீவுன்னு ஒரு மணிக்கு ஒருத்தன் போடறான். அதுக்கு நாலு பேர் பதில் போடறான். உன் ஆஸ்பத்திரிக்காரங்க ரெண்டு மணிக்குப் போடறாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்னிக்கு சாயந்தரம்தான் கவுத்து வைக்கலாம்னே புத்திக்குத் தோணிச்சு. அதுவரைக்கும் அடுத்தவங்க பொருளைத் தொடக் கூடாதுன்னு இருந்துட்டேன். நான் தூங்கி இருபத்தஞ்சு நாள் ஆச்சும்மா."

தினம் மூன்றரைக்கு டாணென்று விழுந்த அந்த இரண்டு தட்டு, அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு, எல்லாம் வரிசையாக வந்து அவள் எதிரே நின்றன. படுக்கையறையில் போன் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைத் தட்டாமல் கேட்டு, தங்கள் படுக்கையறையிலிருந்து எடுத்து இவருடைய படுக்கையறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கூடம் கூடம் என்று சொல்லிச் சொல்லி, அங்கே ஒரு மனிதர் படுக்கிறார் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

எழுந்தாள். செய்தித்தாளையும் டப்பாவையும் எடுத்துவிட்டு, கணவனின் போனையும் தன்னுடையதையும் சமையலறைக்குக் கொண்டுபோனாள். மேடை ஈரத்தைத் துணியால் துடைத்தாள். மிக்ஸியின் வயரைப் பிடுங்கி அங்கே சார்ஜரைச் செருகினாள். துடைத்து வைக்க அரை நிமிஷம்தான் ஆயிற்று. அரை நிமிஷ வேலை.

திரும்பி வந்தபோது பெரியவர் பையின் ஜிப்பைத் திறந்து சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவனை யாரு எழுப்பறது?" என்று கேட்டார்.

"நான் எழுப்பறேன்."

எழுப்பத் தவறிவிடுமோ என்ற பயத்தில் அவள் மூன்று மணிக்கே முழித்துக்கொண்டாள். கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். மூன்றரை ஆயிற்று. பலகையில் தட்டு விழவில்லை. பலகைக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக நீளமாக, நிதானமாக ஒரு குறட்டை வந்துகொண்டிருந்தது. கணவனின் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவன் எழுந்து உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

"அது யாரு, அப்பாவா?"

"மெல்லப் பேசுங்க," என்றாள் அவள். "தூங்கறார்."